ஜன்னலோரத்து மல்லித்தழை

(எங்கள் பகுதி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வீட்டுக்குள் செய்யக்கூடிய தொழில்கள் பற்றிய அமர்வில் திருப்பூரைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தருகிறோம்.)



மைக் முன்னாடி நின்னு பேசறது எனக்கு இதுதான் முதல் தடவை. போன வாரம் அமைப்பாளர் மேடம் போன் பண்ணி, "நீங்க வீட்டுக்குள்ளயே மல்லி, வெந்தயம், புதினாவெல்லாம் வளர்த்து விக்கறீங்கல்ல, அதைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க"ன்னு சொன்னாங்க. சரிங்க மேடம்னு சொல்லிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல. ஏன்னா இதை ஒழுங்கா சொல்லணும்னா, நான் நட்டப்பட்ட கதையையும் சேர்த்துத்தான் சொல்லணும். ஜெயிச்சதை மட்டும் சொன்னா, நாளைக்கே நாலு பேர் கடன் வாங்கி இதுல இறங்கி நான் விழுந்த அதே குழியில விழுவாங்க. அதனால எல்லாத்தையும் சொல்லிடறேன்.

எங்க வீடு லைன் வீடுங்க. வரிசையா எட்டு வீடு, நடுவுல ஒரு நடை, கடைசியில தண்ணித் தொட்டி. ஒரு ரூம், ஒரு சமையல் தடுப்பு, பின்னாடி சாமான் போட்டு வைக்க சின்னதா ஒரு அறை. மண்ணுன்னு சொல்ல ஒரு சாண் இடம் கிடையாது. மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் பூட்டுப் போட்டிருக்கார். இங்க உட்கார்ந்திருக்கிற பாதிப் பேர் வீடு இப்படித்தான் இருக்கும். மாடித் தோட்டம் பத்தி நிறைய பேர் சொல்லித் தர்றாங்க. மாடியே இல்லாதவங்க என்ன பண்றதுங்கறதுதான் என் பேச்சு.

நான் பனியன் கம்பெனியில பதினாலு வருஷம் செக்கிங்ல இருந்தேன். நின்னுக்கிட்டே செய்யற வேலை. இடுப்பு வலி வந்து, டாக்டர் ஒரு வருஷமாவது நிக்காதீங்கன்னு சொல்லிட்டார். வீட்டுல உட்கார்ந்தப்பதான் யாரோ சொன்னாங்க, தட்டுல கீரை வளர்த்து வித்தா நல்ல காசுன்னு. குழுவுல 8,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. கூட்டத்துல ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லல. தீர்மானப் புத்தகத்துல "மூலிகை, கீரை வளர்ப்புத் தொழில்"னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

அந்தப் பணத்துல இரும்பு ரேக் 2,400 ரூபாய். பிளாஸ்டிக் தட்டு 24, ஒன்னு 60 ரூபாய்னு 1,440. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் 900. விதை 560. ஆக 5,300 ரூபாய். மீதி 2,700 என்னாச்சுன்னு கேப்பீங்க. பையனுக்குப் பள்ளிக்கூடத்துப் பணம் கட்டிட்டேனுங்க. இதை அன்னிக்குக் குழுவுல நான் சொல்லல. இன்னிக்குச் சொல்றேன்.

எங்கே தப்பு நடந்தது

சித்திரை மாசம். வெயில் கொளுத்துது. மளிகைக் கடையில மல்லி வாங்கி, ஒடைக்காம அப்படியே 24 தட்டுலயும் நெருக்கமா தூவுனேன். பனியன் தூசி வந்துடும்னு பின்னறையில வச்சு, இருந்த ஒரே ஜன்னலையும் சாத்திட்டேன். காலையும் சாயங்காலமும் தண்ணி. பத்து நாள் ஆகியும் பாதித் தட்டு முளைக்கவே இல்ல. முளைச்ச பாதி, நூல் மாதிரி வெளுத்து நீண்டுது. அதுக்கு மேல ஒரு நாள் காலையில பாத்தா, தண்டு தரையோட ஒட்டுற இடத்துல கசிஞ்சு, மெலிஞ்சு, கொத்துக் கொத்தா சாஞ்சு கிடக்குது. மேல பஞ்சு மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கு. தொட்டா கையோட வருது.

திரும்பவும் விதை வாங்கிப் போட்டேன். திரும்பவும் அதேதான்.

முதல் தவணை கையில இருந்ததை வச்சுக் கட்டினேன். ரெண்டாவது தவணைக்குக் காசு இல்ல. அந்த வாரம் கூட்டத்துக்குப் போகல. அடுத்த வாரமும் போகல. போன் வந்தா எடுக்கல. ரெண்டு மாசம் தவணை நின்னுபோச்சு. எங்க குழு அப்பத்தான் வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்துச்சு. ஒரு ஆள் தவணை நின்னா மொத்தக் குழுவுக்கும் கெட்ட பேருன்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சதாலதான் முகத்தைக் காட்ட முடியல.

மூணாவது வாரம் எங்க குழுவுல மூத்த அக்கா ஒருத்தங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. சண்டை போடத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சேன். அவங்க காசைப் பத்திப் பேசவே இல்ல. "எங்க கண்ணு உன்ற தோட்டம், காட்டு"ன்னாங்க. பின்னறைக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ளே போனதும் மூக்கைச் சுளிச்சாங்க. நேரா போய் ஜன்னலைத் திறந்தாங்க. "ஏங்கண்ணு, நாத்துக்கு மூச்சு வேண்டாமா? இதென்ன கிணத்துக்குள்ள வச்ச மாதிரி வச்சிருக்கற? தண்ணி ஊத்தியே கொன்னு போட்டயே"ன்னாங்க. அவங்க கல்யாணத்துக்கு முந்தி தோட்டத்துல நாத்து விட்டவங்க. ஒரு தட்டைத் தூக்கிப் பாத்து, அடியில ஓட்டையே போடலைன்னு காட்டினாங்க.

அன்னிக்கு அவங்க சொன்னது, அப்புறம் வேளாண்மை அலுவலகத்துல கேட்டது, நானே கெடுத்துக் கத்துக்கிட்டது எல்லாத்தையும்தான் இப்ப வரிசையா சொல்றேன்.

வெளிச்சம்

வீட்டுக்குள்ள வளர்க்கறதுல முதல் கேள்வி தண்ணி இல்ல, உரம் இல்ல, வெளிச்சம்தான். நம்ம கண்ணுக்கு ரூம் முழுக்க வெளிச்சமாத் தெரியும். செடிக்கு அப்படி இல்ல. ஜன்னலை விட்டு நாலடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் ரொம்பக் குறைஞ்சுபோயிடும். காலை பதினொரு மணிக்கு, தட்டு வைக்கப்போற இடத்துல ஒரு வெள்ளைத் தாளை வச்சு, அதுக்கு ஒரு அடி மேல கையை நீட்டிப் பிடிங்க. நிழல் விளிம்பு தெளிவா விழுந்தா அந்த இடம் நல்ல இடம். கை இருக்கிற மாதிரி மங்கலாத் தெரிஞ்சா வெந்தயம் மாதிரி சீக்கிரம் அறுக்கறது மட்டும் வரும். நிழலே விழலைன்னா அங்க விதை போட வேண்டாம்.

கிழக்குப் பாத்த ஜன்னல் இருந்தா புண்ணியம். காலை வெயில் இதமா இருக்கும். மேற்கு ஜன்னல்னா கோடையில மத்தியானத்துக்கு மேல ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாக் கட்டிக்கணும். செடி வெளிச்சத்தைப் பாத்துச் சாயும். தினமும் தட்டை அரை வட்டம் திருப்பி வச்சா நேரா நிக்கும்.

வெளிச்சம் பத்தாத இடத்துக்கு 20 வாட் எல்இடி டியூப் லைட்டே போதும். செடிக்கு மேல அஞ்சாறு அங்குலத்துல கட்டி, தினமும் 14 மணி நேரம் எரிய விடணும். ராத்திரி அணைச்சிடணும். கரண்ட் கணக்கை நான் போட்டுப் பாத்தேன். ஒரு லைட்டுக்கு ஒரு நாளைக்கு 280 வாட் மணி, அதாவது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. மாசத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள்ள. ரெண்டு லைட் எரிச்சா மாசம் 17 யூனிட். இதை முதல்லயே கணக்குல சேர்த்துக்கங்க.

தட்டும் மண்ணும்

வெந்தயத்துக்கு ரெண்டு அங்குல ஆழத் தட்டு போதும். மல்லிக்கு ஆணிவேர், நேரா கீழ இறங்கும். அதுக்கு ஆறு அங்குலமாவது ஆழம் வேணும். பழைய பெயிண்ட் வாளி வேண்டாம். எண்ணெய் கேனை நறுக்கினது, தெர்மாகோல் பெட்டி, பிரியாணி டப்பா எல்லாம் ஆகும். எதுவானாலும் அடியில ஆணியைச் சுடவச்சு எட்டுப் பத்து ஓட்டை போட்டே ஆகணும்.

மண் கலவை சமபங்குதான். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நல்லா மக்கின மண்புழு உரம், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு. நார்க் கழிவை வாங்கினதும் அப்படியே போடாதீங்க. அதுல உப்பு இருக்கும். ஊறவச்சுப் பிழிஞ்சு, அந்தத் தண்ணியைக் கொட்டி, இன்னும் ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சு போடணும். முதல் தடவை நான் செய்யாத வேலையில இதுவும் ஒன்னு. கலவை சரியா இருக்கான்னு பாக்கறதுக்குக் கையில பிடிச்சு அழுத்துங்க. உருண்டையாகணும், ஆனா விரலிடுக்குல தண்ணி சொட்டக் கூடாது.

விதை

எந்த விதையா இருந்தாலும் முதல்ல பத்து விதையை எடுத்து ஈரத் துணியில சுத்தி ஒரு டப்பாவுல வைங்க. வெந்தயத்துக்கு மூணு நாள், மல்லிக்கு பதினைஞ்சு நாள் பாருங்க. பத்துல ஏழுக்கு மேல முளைச்சா விதை நல்ல விதை. அஞ்சுக்குக் கீழேன்னா அது குழம்புக்குத்தான் ஆகும், தட்டுக்கு ஆகாது. ரெண்டு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை நான் செஞ்சிருந்தா என் முதல் நட்டம் பாதியாக் குறைஞ்சிருக்கும்.

இன்னொன்னு, ரொம்ப முக்கியமுங்க. விதைக் கடைப் பாக்கெட்டுல சில விதை ரோஸ், சிவப்புன்னு சாயம் பூசினாப்புல இருக்கும். அது பூஞ்சாண மருந்து கலந்த விதை. முளையாவே அறுத்துத் தின்கிற கீரைக்கு அது கூடவே கூடாது. குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைக்கணும். மருந்து கலக்காத விதைன்னு கேட்டு வாங்குங்க. மல்லிக்கு நம்ம கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட கோ 1, கோ 2, கோ 3 ரகங்கள் இருக்கு.

இனி ஒவ்வொன்னா சொல்றேன்.

வெந்தயம். புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுலதான் ஆரம்பிக்கணும். ராத்திரி ஊறவச்சு, காலையில வடிகட்டி, ஒன்னரை அடிக்கு ஒரு அடித் தட்டுல 50 கிராம் விதையை ஒன்னு மேல ஒன்னு ஏறாமப் பரப்பி, மேல லேசா மண்ணைத் தூவி, கையால தட்டி விடுங்க. ரெண்டு மூணு நாள் ஒரு சாக்குத் துணியால மூடி வைங்க. முளை தலையைத் தூக்கினதும் துணியை எடுத்துட்டு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்துடணும். பத்துப் பன்னெண்டு நாள்ல முளைக்கீரையா அறுக்கலாம். பெரிய கீரையா வேணும்னா விதையைப் பாதியாக் குறைச்சு, இருபது இருபத்தஞ்சு நாள் விடுங்க.

மல்லி. நாம விதைன்னு சொல்ற அந்த உருண்டைக்குள்ள ரெண்டு விதை இருக்கு. துணியில பரப்பி, சப்பாத்திக் கட்டையாலயோ செருப்பு அடியாலயோ லேசா அழுத்தி உருட்டினா ரெண்டாப் பிளக்கும். நொறுங்கக் கூடாது. பிளந்ததை எட்டு மணி நேரம் ஊறவச்சு, அரை அங்குல ஆழத்துல, விதைக்கு விதை ஒரு விரல் இடைவெளி விட்டுப் போடுங்க. முளைக்க எட்டு நாள்லேர்ந்து பதினைஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் தோண்டித் தோண்டிப் பாக்காதீங்க. பிடுங்கி நட்டா மல்லி பிழைக்காது, பிழைச்சாலும் சீக்கிரம் பூத்துடும். போட்ட இடத்துலயே வளரணும். சித்திரை, வைகாசி வெயில்ல மல்லி நமக்கு ஒத்து வராது. இலை வைக்கறதுக்கு முன்னாடியே பூவுக்குப் போயிடும். ஆடி தொட்டுத் தை வரைக்கும் போடுங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தொட்டின்னு மாத்தி மாத்திப் போட்டா வீட்டுல மல்லித்தழை தீராது. வீட்டுக்குள்ள நாப்பது நாள்ல பறிக்கலாம். வேரோட பிடுங்காம, வெளி இலையா கிள்ளினா ஒரு தொட்டியில ரெண்டு மூணு தடவை கிடைக்கும்.

திருநீற்றுப் பச்சிலை. நாட்டு மருந்துக் கடையில சப்ஜா விதைன்னு வாங்கிச் சர்பத்துல போடறமே, அது இந்தச் செடியோட விதைதான். தண்ணி பட்டதும் வழவழன்னு பிசின் கட்டிக்கும். அதனால ஊறவைக்காதீங்க. ஈர மண் மேல உலர்ந்த விதையைத் தூவி, மேல பேருக்குக் கொஞ்சம் மண்ணைத் தூவி, தெளிப்பான்ல பனி மாதிரி தண்ணி அடிங்க. ஒரு வாரத்துல முளைச்சிடும். ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினா பக்கக் கிளை வெடிச்சுக் குத்துச் செடியாகும். பூங்கொத்து வந்தா கிள்ளி விடணும், இல்லைன்னா இலை சிறுத்துடும். ரசத்துல ரெண்டு இலை போட்டுப் பாருங்க. பீட்சா போடற கடைக்காரங்களும் இந்த ஜாதி இலையைத்தான் தேடுவாங்க.

கறிவேப்பிலை. இதுக்குக் காய்ஞ்ச விதை ஆகாது. கருப்பாப் பழுத்த பழத்தைப் பறிச்சு, தோலையும் சதையையும் கழுவி எடுத்துட்டு, ஒரு வாரத்துக்குள்ள போட்டுடணும். நாளாக ஆக முளைப்பு போயிடும். முளைக்க ஒரு மாசம்கூட ஆகலாம். வீட்டுக்குள்ள கன்னா வளர்த்து வெளியே இடம் இருக்கிறவங்களுக்கு விக்கலாம். மரமாக்கணும்னா வெயில் வேணும்.

புதினா. இதை விதை போட்டு வளர்க்கிறேன்னு யாராவது பாக்கெட் வித்தா வாங்காதீங்க. விதையில வர்ற புதினா தாய்ச்செடி மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது. சந்தையில வாங்கற கட்டுல தடிச்ச தண்டா நாலு எடுத்து, கீழ் இலையை உருவிட்டு, டம்ளர் தண்ணியில வைங்க. தினம் தண்ணி மாத்துங்க. ஒரு வாரம் பத்து நாள்ல வெள்ளை வேர் விடும். அப்புறம் தொட்டியில நடுங்க. கற்பூரவல்லியும் தண்டுதான். ஒடிச்சு நட்டாலே வந்துடும்.

தண்ணியும் நோயும்

என் நாத்தைக் கொன்னதுக்குப் பேரு நாற்றழுகல். பூஞ்சாணத்தால வர்றது. நெருக்கமான விதைப்பு, எப்பவும் ஈரம், காத்தோட்டம் இல்லாமை, இந்த மூணும் சேர்ந்தா வந்தே தீரும். வந்த தட்டைக் காப்பாத்த முடியாது. மண்ணோட வெளியே கொட்டிட்டு, தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காயவைக்கணும். அந்த மண்ணைத் திரும்ப நாத்துக்குப் போடக் கூடாது.

வராம தடுக்க வழி இருக்கு. விதைக்கும்போது ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, இல்லைன்னா 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைக்கணும். நமக்கு 100 கிராம் விதைன்னா சூடோமோனாஸ் ஒரு கிராம், அதாவது ஒரு சிட்டிகைதான். ஜன்னலைத் திறந்து வைங்க, இல்லைன்னா பேனைக் குறைச்சு ஓட விடுங்க. தண்ணியை மேல ஊத்தாதீங்க. பெரிய தாம்பாளத்துல ஒரு விரல் தண்ணி விட்டு, அதுல தட்டைப் பத்து நிமிஷம் வச்சு எடுத்தா வேண்டிய ஈரத்தை மண்ணே கீழேர்ந்து உறிஞ்சிக்கும். விரல் நுனியை மண்ணுல விட்டுப் பாத்து, காய்ஞ்சிருந்தா மட்டும் திரும்ப வைங்க.

தொட்டிக்கு அடியில தட்டு வச்சா, அதுல தேங்கின தண்ணியை அன்னன்னிக்கே கொட்டிடணும். டெங்கு பரப்பற கொசு அந்தக் கொஞ்சம் தண்ணியிலதான் முட்டை போடும். லைன் வீட்டுல நம்ம தட்டுல பொறந்த கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிச்சா, அது நம்ம பாவம்.

கணக்கு

இப்ப காசுக்கு வர்றேன். சினிமா மாதிரி சொல்லமாட்டேன். வாரத்துக்கு எட்டுத் தட்டு வெந்தயம் அறுக்கறேன். ஒரு தட்டுல 200லேர்ந்து 250 கிராம் வரும். 100 கிராம் 25 ரூபாய்னு எங்க தெருவுலயும், ரெண்டு சின்ன ஓட்டலுக்கும் குடுக்கறேன். தட்டுக்குச் சராசரி 55 ரூபாய். மாசம் 32 தட்டுக்கு 1,760 ரூபாய். விதை, உரம், கவர் எல்லாம் சேர்த்துத் தட்டுக்கு 14 ரூபாய் செலவு, அது 448. கரண்டுக்கு 100 ரூபாய்னு வச்சிருக்கேன். புதினாத் தொட்டியும் திருநீற்றுப் பச்சிலைத் தொட்டியும் மாசம் பத்து விக்கறேன், அதுல 300 ரூபாய் நிக்கும். ஆகக்கூடி கையில நிக்கிறது ஏறக்குறைய 1,500 ரூபாய். தினமும் ஒரு மணி நேர வேலை.

இது குடும்பத்தைத் தாங்கற வருமானம் இல்லைங்க. ஆனா கேஸ் சிலிண்டர் வாங்கிட்டு மேல கொஞ்சம் மிஞ்சும். இடுப்பு வலிக்காரிக்கு உட்கார்ந்த இடத்துல வர்ற காசு. வீட்டுக்கு வேண்டிய மல்லி, புதினா காசு கொடுத்து வாங்கறதில்ல. மழைக் காலத்துல சந்தையில மல்லி விலை ஏறும்போது இதோட அருமை தெரியும்.

கடன் என்னாச்சுன்னா, அந்த அக்கா வந்துட்டுப் போன வாரமே கூட்டத்துக்குப் போனேன். கடனை நூத்துக்கு நூறு தொழிலுக்குப் போடலைங்கறதையும், தட்டெல்லாம் அழுகிப்போச்சுங்கறதையும் சொன்னேன். இல்லைங்க, பாதியைத்தான் சொன்னேன். அழுகினதைச் சொன்னேன், பையன் பள்ளிக்கூடத்துப் பணத்தைச் சொல்ல வாய் வரல. அதை இன்னிக்குத்தான் எங்க குழு அக்காமாருங்க முதல் தடவையாக் கேக்கறாங்க. கோபப்பட்டா வீட்டுக்குப் போய் வாங்கிக்கறேன். (சிரிப்பு.) அப்ப குழுவுல திட்டினாங்க, ஆனா ரெண்டு மாசம் தவணை தள்ளிக் குடுத்தாங்க. நான் வீட்டுல பிசிறு வெட்டற வேலை எடுத்து, கூடவே நாலே நாலு தட்டு வெந்தயம் மட்டும் போட்டேன். பத்து மாசத்துல முடியவேண்டிய கடன் பதினாலாவது மாசம் முடிஞ்சுது. வட்டி பாக்கி ஒரு ரூபாய்கூட இல்ல.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள்

மூணே மூணுதாங்க.

முதலாவது, இந்தத் தொழிலுக்கு யார் கடன் கேட்டாலும் எடுத்தவுடனே ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. நாலு தட்டு, கால் கிலோ வெந்தயம், ஒரு மூட்டை மண் கலவை. ஐநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். முப்பது நாள் வளர்த்து, அறுத்து, அக்கம்பக்கத்துல வித்துக் காட்டட்டும். அதுக்கப்புறம் பெரிய கடன். நான் 24 தட்டுல செஞ்ச தப்பை நாலு தட்டுல செஞ்சிருந்தா, யாருக்கும் தெரியாமலே கத்துக்கிட்டிருப்பேன்.

ரெண்டாவது, விதையை எல்லாக் குழுவும் சேர்ந்து கூட்டமைப்பு வழியா மொத்தமா வாங்கி, சோதிச்சுப் பாத்துப் பிரிச்சுக் குடுத்தா விலையும் குறையும், ஏமாத்தும் நடக்காது. சோதிக்கிற வேலையைக் காசு இல்லாம நான் செஞ்சு தர்றேன்.

மூணாவது, இதுதான் எனக்குப் பெருசு. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல்னு அஞ்சு சூத்திரம் நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அதுல கூட்டம்தான் முதல்ல இருக்கு. ஒரு பொம்பளை ரெண்டு வாரம் கூட்டத்துக்கு வரலைன்னா அபராதம் எழுதறதுக்கு முன்னாடி, யாராவது ஒருத்தர் அவங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கணும். பணம் கேக்கப் போக வேண்டாம். "என்ன கண்ணு பண்ற"ன்னு கேட்டா போதும். அன்னிக்கு அந்த அக்கா வரலைன்னா, நான் குழுவை விட்டே ஓடியிருப்பேன். அவங்க இதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. எழுந்து நிக்கமாட்டாங்க, கூச்சப்படுவாங்க.

வெளியே மேசை மேல, நான் கொண்டு வந்த வெந்தய விதையைச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி வச்சிருக்கேன். ஒரு பொட்டலத்துல ஒரு தட்டுக்கு ஆகும். சோதிச்ச விதைதான், பத்துக்கு ஒம்பது முளைச்சுது. ஆளுக்கு ஒன்னு எடுத்துட்டுப் போங்க. இன்னிக்கு ராத்திரியே ஊறவைங்க. பன்னெண்டு நாள் கழிச்சு வந்தது வந்துச்சுன்னும், வராதது வரலைன்னும் வாரக் கூட்டத்துல சொல்லுங்க. வரலைன்னாலும் சொல்லுங்க, அதுக்குத்தான் கூட்டம் இருக்கு.